லாந்தருக்கு விழுந்த ஒரு ஓட்டு

எங்கள் ஆளுநர் இரண்டாம் முறையாக ஜெயித்தபோது வானொலிக்காரன் தொண்டை கிழியக் கத்தினான். இப்படி ஒரு வெற்றியை இந்த மாநிலம் கண்டதில்லை என்றான். உண்மைதான், நானும் கண்டதில்லை. இலே-ஓகின் சந்தையில் வெகுகாலமாகத் தக்காளி விற்கிறேன். எத்தனையோ ஆளுநர்களின் படம் போட்ட அரிசி மூட்டைகளைப் பார்த்துவிட்டேன். மூட்டைக்கு மூட்டை படத்தில் சிரிப்பு அகலமாகும், உள்ளே அரிசி குறையும். ஆனால் ஒரு வாக்குச்சாவடி முழுவதிலும் எதிர்த்து நின்றவனுக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்த தேர்தல் அது ஒன்றுதான். அந்த ஒரு ஓட்டுக்காக ஒரு பொம்பளையை இந்த ஊர் படுத்திய பாட்டைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஆளுநரின் தவணை முடிந்துவிட்டது. பயப்பட வேண்டியவனும் ஊரைவிட்டுப் போய்விட்டான். இனியும் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க எனக்கென்ன தலையெழுத்தா?

அவள் பெயர் சிக்கிராத். யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளைப் பிள்ளையின் பேரால்தான் கூப்பிடுவோம். மகள் வுரா பிறந்த அன்றிலிருந்து அவள் இயா வுரா, வுராவின் அம்மா. நான் இயா தாயோ. என் கடைக்கு எதிர்க்கடை அவளுடையது. கடை என்றால் நாலு கம்பு, மேலே தகரம், நடுவில் மிளகாய் அரைக்கும் மெஷின். டீசலைக் குடித்துக் கறுப்புப் புகை விட்டு அது போடுகிற சத்தத்தில் எதிரே நிற்பவர் வாயசைவதுதான் தெரியும். அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசியே அவள் குரல் அப்படி ஆகிவிட்டது. ரகசியம் சொன்னால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். ஒருமுறை மெஷினின் பெல்ட் அவள் வலது கட்டைவிரலைக் குறுக்கே கிழித்துவிட்டது. தழும்பு, ரேகையை இரண்டாக வெட்டிக்கொண்டு போகும். புருஷன் வேறொருத்தியோடு லாகோஸுக்கு ஓடிப்போனான். அழுதாளா என்று கேட்காதீர்கள். அன்றைக்குச் சந்தை நாள், அரைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மெஷின்தான் வுராவைப் படிக்க வைத்தது. முஃபுதாவு என்கிற டிரைவருக்குக் கட்டிக்கொடுத்ததும் அதுதான். முஃபு நல்ல பையன் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொன்னோம். ஆளுங்கட்சியின் பஸ்ஸை ஓட்டுவான். தலையில் எப்போதும் ஆளுநரின் முகம் அச்சிட்ட தொப்பி இருக்கும்.

ஆளுநரின் முதல் தவணையில் எங்கள் பேட்டைக்கு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வந்தது. திறப்பு விழாவுக்கு லாரியில் கட்டில்கள் வந்தன, மெத்தை வந்தது, வெள்ளைச் சீருடையில் வரிசையாக நர்ஸுகள் வந்தார்கள். ஆளுநர் ரிப்பனை வெட்டினார், நாங்கள் ஆடினோம். சாயங்காலம் கட்டில்கள் வந்த லாரியிலேயே திரும்பிப் போயின. மிஞ்சியது இரண்டு கட்டில், ஒரு நர்ஸ், ஒரு பூட்டு. அதுவாவது இருக்கிறதே என்று இருந்துவிட்டோம். அங்கேதான் நாங்கள் கெட்டோம்.

வுராவுக்கு வலி எடுத்த காலையில் அந்த ஒரு நர்ஸும் இல்லை. தலைநகரில் கட்சிக் கூட்டம். அரசாங்கச் சம்பளம் வாங்குகிற ஒவ்வொருத்தரும் சீருடையோடு வந்து தலையைக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. நர்ஸ் போய்விட்டாள், சாவி அவள் கைப்பையில். அவளை ஏற்றிக்கொண்டு போன பஸ்ஸை ஓட்டியவன் முஃபு. பெண்டாட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நம்பிப் போயிருந்தான்.

பூட்டிய கதவை அடித்து அடித்து இயா வுராவின் கை வீங்கிவிட்டது. பிறகு வுராவை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் அவள் அம்மா பிடித்துக்கொள்ள, பக்கத்து ஊருக்குக் கிளம்பினார்கள். நான் இன்னொரு வண்டியில் பின்னால் போனேன். அந்த ரோடும் ஆளுநர் போட்டதுதான். கல்வெட்டு இருக்கிறது, ரோடு இல்லை. பாதி வழியில் ஒரு மரவள்ளிக் காட்டோரம் குழந்தை பிறந்தது, வுரா போய்விட்டாள். வழியில் பிறக்கிற குழந்தைக்கு எங்கள் வழக்கத்தில் தயாராக ஒரு பேர் இருக்கிறது, அபியோனா. வழியில் பிறந்தவள் என்று அர்த்தம். அதையே வைத்தோம்.

அதற்குப் பிறகு அவளை எப்படிக் கூப்பிடுவது என்று சந்தையே திணறியது. செத்த பெண்ணின் பேரை வாயில் எடுக்க எல்லோருக்கும் கூச்சம். ஒருத்தி தைரியமாக "இயா அபியோனா" என்று ஆரம்பித்தாள். இவள் மெஷினை நிறுத்தினாள்.

"நான் வுராவோட அம்மா. அவ செத்துட்டா நான் அவளைப் பெக்கலைன்னு ஆயிடுமா? பழைய பேரையே சொல்லிக் கூப்பிடுங்க. ஒவ்வொரு தடவையும் உங்க நாக்குல அவ பேரு வரட்டும்."

முஃபுவோ நாற்பதாம் நாள் முடிவதற்குள் மறுபடி அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கட்சிப் பாட்டுக்கு ஆட ஆரம்பித்துவிட்டான். அவனை வாசல்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அவன் வாரா வாரம் குழந்தைக்குப் பால் டின் ஒன்றை என் கடையில் வைத்துவிட்டுப் போவான். நான் வாங்கித் தருவதாகச் சொல்லி அவளிடம் கொடுப்பேன். அவளும் வாங்கிக்கொள்வாள்.

தேர்தல் வந்தது. ஆளுநருக்குச் சின்னம் மண்வெட்டி, எதிர்த்தவருக்கு லாந்தர். எதிர்த்தவர் உத்தமர் என்று யாரும் சொல்லவில்லை. இயா வுராவுக்கும் அவர் மேல் பெரிய மதிப்பெல்லாம் கிடையாது. "இவன் தோக்கணும். பூட்டின கதவுக்குப் பதில் உண்டுன்னு இவனுக்குத் தெரியணும். அவ்வளவுதான்," என்பாள். சந்தைப் பெண்களைக் கூட்டி மெஷின் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாள். எங்கள் ஊரில் அல்லாவின் மேலும் இயேசுவின் மேலும் பொய்ச் சத்தியம் பண்ணுவார்கள், இரும்பின் மேல் பண்ணப் பயப்படுவார்கள், இரும்பில் குடியிருக்கிற பழைய தெய்வம் உடனே பழிவாங்கிவிடும் என்று.

"நாங்க பெந்தெகொஸ்தே. இதெல்லாம் எங்களுக்கு ஆகாது," என்றாள் மீன்காரி.

"பெந்தெகொஸ்தேக்காரிக்குப் பிரசவ வலி வராதா? கையை வைடி."

வைத்தார்கள், ஒருத்தி விடாமல். எனக்கு ஓட்டு என் அம்மா ஊரில் இருந்ததால் நான் வேடிக்கைதான் பார்த்தேன். பயறு அவியல் பொதிகிற இலையை எடுத்து ஓட்டுச்சீட்டை எப்படி மடிப்பது என்றுகூட அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். நாங்கள் பெருவிரலில் மை ஒற்றித்தான் சீட்டில் பதிப்போம். மை காய்வதற்குள் குறுக்கே மடித்தால் ஈரம் இன்னொரு கட்டத்தில் ஒட்டிக்கொள்ளும், ஓட்டு செல்லாமல் போகும். ஒவ்வொரு தேர்தலிலும் எத்தனையோ ஓட்டு இப்படித்தான் பாழாகிறது.

"நீளவாக்குல மடிக்கணும். அவசரத்துல குறுக்க மடிச்சுத் தொலைக்காதீங்க. அரிசி குடுத்தா வாங்கிக்கங்க, அது நம்ம காசுதான். ஓட்டை மட்டும் லாந்தர்ல குத்துங்க."

அரிசி வந்தது. அதோடு கட்சிச் சேர்மன் ஒயெகுன்லே இன்னொன்றும் கொண்டுவந்தார். எந்தச் சாவடியில் எதிர்க்கட்சிக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லையோ அந்தப் பேட்டைக்குப் புது டிரான்ஸ்பார்மர். எங்கள் பழைய டிரான்ஸ்பார்மர் வெடித்து வருஷக்கணக்காகிறது. தெருவே ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊற்றி ஊற்றிக் கடனாளி ஆகியிருந்தது. ஒயெகுன்லேயின் வார்த்தை கேட்டதும் ஊரின் வாயில் எச்சில் ஊறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

சாவடி எங்கே போட்டார்கள் தெரியுமா? அதே பூட்டிய ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில். இயா வுரா முதல் ஆளாக வந்து நின்றாள். மை ஒற்றி, மறைப்புக்குள் போய், லாந்தரில் அழுத்திப் பதித்தாள். சீட்டோடு நிமிர்ந்தபோது எதிரே முஃபு. அந்தத் தொப்பியோடு, அந்தக் கதவில் சாய்ந்துகொண்டு, வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பாக்கெட் கொடுத்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. அவன் முகத்தையே முறைத்தபடி கையிலிருந்ததை மடித்துப் பெட்டியில் திணித்தாள். எப்படி மடித்தாள் என்று அவளே பார்க்கவில்லை.

சாயங்காலம் எண்ணிக்கை. கண்ணாடி போட்ட ஒரு இளம்பெண்தான் அதிகாரி. ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டுவாள், கயிற்றுக்கு வெளியே நிற்கிற ஊரே சேர்ந்து உரக்க எண்ணும். மண்வெட்டி, மண்வெட்டி, மண்வெட்டி. முந்நூறைத் தாண்டியும் கூட்டத்துக்குத் தொண்டை வற்றவில்லை. இயா வுரா ஒவ்வொரு பெண்ணின் முகமாகத் தேடினாள். மீன்காரி மேகத்தைப் பார்த்தாள், வெங்காயக்காரி செருப்பைப் பார்த்தாள். கடைசியில் ஒரு சீட்டு தனியாக மேலே வந்தது, லாந்தர்.

"ஒண்ணு," என்று கூட்டம் எண்ணியது. அடுத்தது வரவில்லை. சிரிப்பு வெடித்தது.

"சிரிங்கடி, நல்லாச் சிரிங்க," என்றாள் இயா வுரா. "அந்த ஒண்ணு என்னுது. இரும்பு மேல கை வச்ச மத்த கையெல்லாம் எங்க போச்சு? அரிசில புதைஞ்சு போச்சா?"

அவள் சொல்லி முடிக்கும்போது அந்தப் பெண் செல்லாத சீட்டுகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றில் லாந்தரிலும் பக்கத்துக் கட்டத்திலுமாக இரண்டு ரேகை. இரண்டையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு. கூட்டம் அதைக் கவனிக்கவில்லை, டிரான்ஸ்பார்மர் போனதை நினைத்து முணுமுணுக்க ஆரம்பித்திருந்தது. நான் இயா வுராவைப் பார்த்தேன். கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடியிருந்தாள்.

வீடு திரும்பும் வழியில் சொன்னாள்: "எல்லாருக்கும் மடிக்கச் சொல்லிக் குடுத்தேன். என்னுது செல்லாம போச்சு, இயா தாயோ. அந்தப் பய மூஞ்சியைப் பாத்ததுல புத்தி கெட்டுப்போச்சு." கொஞ்ச தூரம் போனதும் நின்றாள். "அப்படின்னா அந்த ஒண்ணு யாரு?"

அந்தக் கேள்வி அவளுக்கு ஒரு தெம்பைக் கொடுத்தது. ஒருத்தியாவது வாக்குத் தவறவில்லையே. மீன்காரியாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி அவளுக்கு மட்டும் இலவசமாக அரைத்துக் கொடுத்தாள். மீன்காரிக்கு ஒன்றும் புரியவில்லை, புரியாமலே மறுநாள் இரண்டு கிண்ணம் மிளகாய் சேர்த்துக் கொண்டுவந்தாள். வெட்கங்கெட்டவள்.

புது டிரான்ஸ்பார்மர் பக்கத்துப் பேட்டைக்குப் போனது. எங்கள் தெரு வழியாகவே, மேளதாளத்தோடு, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து ஊர் முழுவதும் இயா வுரா மேல் பாய்ந்தது. தாங்கள் அரிசிக்கு விலை போனதை மறந்துவிட்டார்கள், அவள் விலை போகாததைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. "உன்னாலதான் இருட்டுல கிடக்கோம்," என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். வீட்டு வாசலில் குப்பையைக் கொட்டினார்கள். ஒரு காலை வந்து பார்த்தால் மெஷினைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது, ஒயெகுன்லேயின் ஆட்கள் வேலை. ஆஸ்பத்திரிக் கதவில் தொங்குகிற அதே ஜாதிப் பூட்டு. பூட்டுப் போடுவதில் மட்டும் இவர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

பிறகு ஒயெகுன்லேயே வந்தார், வாசனையோடு, பெரிய அங்கியைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு.

"இயா வுரா, நமக்குள்ள என்ன பகை? ஞாயித்துக்கிழமை வெற்றிக்கு நன்றி சொல்ற விழா. ஆளுநரே வர்றாரு. மேடைல ஏறி, முட்டி போட்டு, மைக்ல ஒரு வார்த்தை சொல்லுங்க. கை தவறிப் போச்சு, மன்னிச்சுக்கங்கன்னு. அவரு மனசு இரங்கி நமக்கும் ஒரு டிரான்ஸ்பார்மர் குடுப்பாரு. உங்க மெஷினும் அன்னிக்கே திறந்துடும்."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள். அவள் யோசிப்பதாகச் சொன்னதையே நான் முதல்முறை கேட்டேன்.

அவர் போனதும் என்னிடம் சொன்னாள்: "மேடை ஏறுவேன். முட்டி போட மாட்டேன், உண்மையைச் சொல்லுவேன். அந்த ஓட்டு என்னுது இல்லைன்னு. என்னுது செல்லாத ஓட்டு, இந்தா கட்டைவிரல், ஓட்டுச்சீட்டுச் சாக்கைப் பிரிச்சுப் பாத்துக்கன்னு காட்டுவேன். எண்ணாத ஓட்டுக்கு நான் ஏன் அடி வாங்கணும்? எனக்கு மெஷின் வேணும். குழந்தைக்குச் சோறு வேணும்."

"உண்மையாப் போட்டவளைத் தேடுவாங்களே."

"தேடட்டும். அவ வாயைத் திறந்து என் பக்கத்துல வந்து நின்னாளா? நான் ஒத்தையில குப்பை அள்ளுறதைப் பாத்துட்டுத்தானே இருக்கா."

நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. சனிக்கிழமை முஃபு பால் டின்னோடு என் கடைக்கு வந்தபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது. அன்று மத்தியானமே அவள் வீட்டுப் புழக்கடைக்கு வந்துவிட்டான். நானும் அவளும் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் ஆண்கள் பெரியவர்களுக்குச் செய்கிற மாதிரி, அந்த ஈரத் தரையில் நெஞ்சு படக் குப்புற விழுந்தான். தொப்பி உருண்டு சேற்றில் போனது.

"எந்திரி. உன் ஆளுநர் மூஞ்சியெல்லாம் சேறு," என்றாள்.

"அத்தை, நாளைக்கு அதைச் சொல்லாதீங்க. அந்த லாந்தர் ஓட்டு நான் போட்டது."

குழந்தை மேல் ஊற்ற எடுத்த தண்ணீர் அவள் கையிலேயே நின்றது. நான்தான் வாங்கி ஊற்றினேன்.

"நீயா?"

"வெளியாள் போட்டா பூட்டுதான் போடுவாங்க. கட்சிக்காரனே போட்டான்னு தெரிஞ்சா என்னை உயிரோட விட மாட்டாங்க அத்தை. போன தடவை ஒருத்தனை என்ன பண்ணாங்கன்னு நான் பாத்திருக்கேன், என் பஸ்லதான் கொண்டு போனாங்க."

"அப்புறம் எதுக்குடா அந்தத் தொப்பி? எதுக்கு அந்தக் கதவுல சாஞ்சுக்கிட்டுப் பல்லைக் காட்டின?"

"பஸ் அவங்களுது. பால் டின் பஸ்லருந்துதான் வருது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "தெரியும். நீ தக்காளி வித்துக் கிழிச்சு வாரா வாரம் அதை வாங்க முடியுமா?" பிறகு அவனிடம், "பதில் சொல்லு," என்றாள்.

அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்தே சொன்னான். "நர்ஸ் அன்னிக்கு முன்சீட்டுல உக்காந்திருந்தா. கைப்பை எனக்கும் அவளுக்கும் நடுவுல இருந்துச்சு. தலைநகரம் போற வரைக்கும் அந்தச் சாவி என் முழங்கைக்குப் பக்கத்துலயே இருந்துச்சு அத்தை. கியர் மாத்துறப்பெல்லாம் பை என் கையில இடிச்சுது."

எனக்கு அந்த நர்ஸையும், ஆளுநரையும், அந்த உத்தரவு போட்டவனையும் இழுத்துவந்து இந்தச் சேற்றில் இவனுக்குப் பக்கத்தில் குப்புறப் போட வேண்டும் போலிருந்தது. இவன் ஒருத்தன்தான் கிடந்தான்.

"உன்னை நான் மன்னிக்கல," என்றாள் அவள். "மன்னிக்கவும் மாட்டேன்."

"அதுக்கு வரல அத்தை."

"நாளைக்கு எங்க நிப்ப?"

"மேடைக்கு முன்னாடி. கட்சிப் பசங்களோட."

"நான் பேசி முடிச்சதும் முதல்ல கத்துறவன் நீயா இருக்கணும். நன்றி கெட்டவ, துரோகின்னு எல்லாத்தையும் சொல்லு. கடைசில, பெத்த பொண்ணையே தின்ன சூனியக்காரின்னு சொல்லு."

அவன் தலையைத் தூக்கினான். "அதை என்னால சொல்ல முடியாது."

"முடியும். தொப்பி போட முடிஞ்சுதுல்ல? அதைச் சொல்லிட்டா அப்புறம் எவனும் உன்னைச் சந்தேகப்பட மாட்டான். சத்தமாச் சொல்லு. முனகினா நானே மேடையிலருந்து காட்டிக் குடுத்துடுவேன். இந்தக் குழந்தைக்கு அம்மா இல்ல. அப்பனாவது உசுரோட இருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை மைதானம் முழுவதும் ஒரே துணியில் இருந்தது. ஆளுநர் முகம் அச்சிட்ட பச்சைத் துணி, பெண்களின் மார்பிலும் இடுப்பிலும் உட்காரும் இடத்திலும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இயா வுரா மட்டும் பழைய நீலத்துணியைக் கட்டிக்கொண்டு மேடை ஏறினாள். ஆளுநர் சோபாவில் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டிருந்தார். ஒயெகுன்லே மைக்கை நீட்டி, கண்ணால் தரையைக் காட்டினார். அவள் முட்டி போடவில்லை, மைக்கையும் வாங்கவில்லை. அவளுக்கு எதற்கு மைக்?

"அந்த லாந்தர் ஓட்டு என்னுது," என்றாள். கடைசி வரிசை வரை கேட்டது. "கை ஒண்ணும் தவறல. பூட்டின ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு, நல்லாப் பாத்து, அழுத்திப் போட்டேன். அந்தக் கதவுக்கு வெளியிலதான் என் பொண்ணு வுரா வலியில துடிச்சா. இனிமேயும் உங்களுக்கு எதிராத்தான் போடுவேன்."

மேடைக்கு முன்னாலிருந்து முஃபுவின் குரல் வந்தது. "நன்றி கெட்டவளே, இறங்கு. துரோகி." அவ்வளவோடு நின்றுவிட்டது. அவள் இறங்கவில்லை. மேடையிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் வாயைத் திறந்தான், மூடினான். பிறகு கத்தினான். பெத்த பொண்ணையே தின்ன சூனியக்காரி என்று, தொண்டை பிளக்க, ஒருமுறைக்கு இரண்டு முறை. கண்ணிலிருந்து கொட்டியது. அதற்குப் பிறகு கூட்டமும் சேர்ந்துகொண்டு ஊளையிட்டது. மீன்காரியின் குரலை நான் தனியாகக் கேட்டேன். ஒயெகுன்லே மேடையிலிருந்து இறங்கி வந்து, தொண்டன் என்றால் இவனல்லவா என்று முஃபுவின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த ஆளுநர் இருந்த வரைக்கும் மெஷினின் பூட்டு திறக்கவில்லை. அவள் வீட்டில் கல்லில் அரைத்து விற்றுத்தான் அபியோனாவை வளர்த்தாள்.

அன்றைக்கு நானும் அவளும் மைதானத்திலிருந்து சேர்ந்துதான் திரும்பினோம். பின்னால் யாரோ வாழைப்பழத் தோலை வீசினார்கள், அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கடைசி வார்த்தையைச் சொல்லாம விட்டுடுவானோன்னு பயந்துட்டேன்," என்றாள்.

அதன் பிறகு வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டு நடந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.